நுரை அடங்கின பிறகும்

நைனா,

இதனால் மேலுலகத்துக்கு முறைப்படி அறிவிக்கப்படுவது: உன் மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. வெயிலில் நிறுத்தித் தலையைச் சாய்த்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும். ஊர்வலம் எதுவும் வேண்டாம்.

இன்று திருப்பதி ஆஸ்பத்திரியில் என் எச்.ஐ.வி. மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அக்கா, மடியில் மெலிந்து வெறும் கண்ணாய் ஒரு குட்டிப் பெண். அதற்கும் என் நோய்தான், கூடவே வயிற்றுப்போக்கு. அக்கா ஸ்பூன் தண்ணீரில் ஜிங்க் மாத்திரையைக் கரைத்தார். இரும்பும் இனிப்பும் கலந்த அந்த வாடை வந்ததும் நான் சின்னப் பிள்ளையாகிவிட்டேன்.

எனக்கும் அப்போது அதே வயிறு. தின்றதெல்லாம் வெளியே போகும். நீ சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வருவாய். ஸ்பூனைக் கண்டதும் நான் வாயைப் பூட்டுவேன். நீ ஒரு சொட்டை உன் நாக்கில் வைத்து, முகத்தைப் பிழிந்த துணியாகக் கோணுவாய். நான் சிரிப்பேன். திறந்த வாயில் ஸ்பூன்! என் குறும்பு எங்கிருந்து வந்ததென்று வாத்தியார்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வயிற்றுப்போக்கு நின்றது. "இன்னும் எதுக்கு மாத்திர?" என்றாள் அம்மா.

"நுரை அடங்கிச்சின்னு அடுப்ப அணச்சா பாகு வெல்லமாவுமா? ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்ன நாள் முடியட்டும்" என்றாய் நீ.

அடுத்த முறை எடை மெஷினில் என்னை ஏற்றினார்கள். மண்டியில் சாக்கின் எடையைக் கழிப்பார்களே, அந்தப் பழக்கத்தில், "சட்டைக்குக் கழிவு போடுங்க சிஸ்டர்" என்றாய்.

"உன் புள்ள இன்னா வெல்ல மூட்டையா?"

"அத்தவிட ஒசத்தி சரக்கு. எட பொய்யா இருக்கக் கூடாது."

கழித்த பிறகும் எடை ஏறியிருந்தது. நீ துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தாய். இன்று நான் அம்மாவைவிட உயரம், நைனா. எல்லாம் நீ தூக்கின பாரம்.

"துன்னவே மாட்டுது தம்பி" என்றார் இன்று அந்த அக்கா, ஸ்பூனை நீட்டியபடி.

"வுடுங்கக்கா, இது எங்க குடும்பத் தொழில்." ஒரு சொட்டை நாக்கில் வைத்து, உன் முகத்தைப் போட்டேன். குட்டி சிரித்தது, ஸ்பூன் உள்ளே. நுரைக் கதையையும் சொல்லி, "நின்னாலும் நிறுத்தாதீங்க" என்றேன். வரிசையே என்னைப் பார்த்தது.

சரி, உன்னிடம் என்ன மறைப்பு. நான் போட்ட முகத்துக்கு அது சிரிக்கவே இல்லை, முறைத்தது. ஆனால் அந்தச் சொட்டு தொண்டையில் இறங்கும்போது நீ வந்துவிட்டாய். மீசைக்காரனுக்கு அழுகையில் வாய் கோணி, மூக்கு ஒழுகி...

அதைப் பார்த்துத்தான் சிரித்தது.