அண்ணன் மேல் என்ன கேஸ்?

என் செல்ல அண்ணே,

மூக்கு நுனியில் கோபத்தோடு பிறந்த உன் தங்கச்சி எழுதுகிறேன். நீ போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. உன்னை நினைத்து அழுதிருக்கிறேன், பெருமைப்பட்டிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாக நடுங்கிப்போனேன்.

நீ போகும்போது என் வயிற்றில் இருந்தானே, கதிர், இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறான். நாலு மாதமாக ஆளே மாறிவிட்டான். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று செல்போனை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறான். ஆளே இல்லாத இடத்தில் இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறதாம். சோறு வைத்தால், நீ முதலில் சாப்பிடு என்கிறான். ராமநாதபுரத்தில் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வகையறாவுல அப்படி யாருமே இல்ல. எங்க அண்ணன்தான் போலீசுக்குப் பயந்து ஒளிஞ்சு கெடந்துச்சு. அது வேற சமாச்சாரம்" என்றேன்.

"என்ன கேஸு?"

எனக்கே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது.

என்ன கேஸ் அண்ணே? தங்கச்சிமடத்தில் ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். சிலோன் சண்டையால் கடற்கரை முழுக்கப் போலீஸ் நின்ற காலம். ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து, "செல்வி, வயர்லெஸ்ல என் பேரச் சொல்றாங்க, எனக்குக் கேக்குது" என்றாய். உன் லாரியில் எவனோ எதையோ ஏற்றிவிட்டான் என்று நம்மைப் பெற்ற அய்யா நினைத்துக்கொண்டார். துருவிக் கேட்டால் நமக்கும் ஆபத்து என்று யாரும் கேட்கவில்லை. அபிராமத்துக்குத் தெற்கே நம் மிளகாய்த் தோட்டத்து மோட்டார் அறையில் உன்னை ஒளித்து வைத்தோம். அந்த நாளில் யார்தான் நம்பாமல் இருந்திருப்பார்கள்?

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிக்காமல் இருந்தாரா? அடையாளம் தெரியக் கூடாதென்று அழுக்கும் தாடியுமாக இருக்கிறாய் என நினைத்தோம். தனியாகப் பேசினாரா? அடைந்து கிடப்பவன் வேறென்ன செய்வான் என்று விட்டுவிட்டோம். ரேடியோவில் தன்னைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னாரா? சொன்னாய். அய்யா அந்த ரேடியோவையே உடைத்துப்போட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

"அவர நான் பாக்கல, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மனச்சிதைவு மாதிரிதான் இருக்கு" என்றார்.

கதிருக்கு இப்போதைக்கு சைக்கோசிஸ், அதாவது இல்லாததை இருப்பதாக உணரும் நோய், என்று எழுதியிருக்கிறார். ரத்தமும் எடுத்தார்கள்; ஆனால் ரத்தப் பரிசோதனையில் இந்த நோய் தெரியாதாம். வேறு வியாதியோ போதையோ காரணமில்லை என்று பார்க்கத்தான் அது. ஆறு மாதமாவது அறிகுறிகள் இருந்தால்தான் மனச்சிதைவு என்று பேர் வைப்பார்களாம். சீக்கிரம் வந்தது நல்லது என்றார். உன்னைப் பதினோரு மாதம் வைத்திருந்தோமே!

மனசு கேட்காமல் தங்கச்சிமடம் போய் உன் பழைய முதலாளியைப் பார்த்தேன். "போலீசா? ஒருத்தனும் தேடி வரலயேம்மா. ஏன் வேலைக்கு வரலன்னு நான்தான் ஆள் அனுப்பினேன்" என்றார். மஃப்டி போலீஸ் என்று அய்யா விரட்டியடித்தாரே, அந்த ஆள்தான்.

இனி எழுதுவது யாருக்கும் தெரியாது. நீ போன அன்றைக்கு மத்தியானம் ஒரு ஜீப் நம் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. "அண்ணே, ஜீப் வருது, ஓடு!" என்று கத்தியது நான்தான். நீ ஓடினாய். பதற்றத்தில் கிணற்றைப் பார்க்காமல் உள்ளே விழுந்தாய். வந்தது விவசாய ஆபீஸ் ஜீப். மிளகாய்ச் செடியில் நோய் பார்க்க வந்தவர்கள்.

போலீஸ் கையில் அகப்படாமல் போனான் என்று இத்தனை வருஷம் பெருமை பேசினோம். உன்னைத் துரத்தியது நாங்களேதானா?

அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் கதிர். நேற்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "மாமாவத் தேடுனவங்கதான் இப்ப என்னையும் தேடுறாங்களாம்மா?" என்றான்.

இன்று சாயங்காலம் அவனிடம் சொல்லப்போகிறேன். மாமாவை யாரும் தேடவில்லை, மாமாவுக்கு உடம்பு சரியில்லை, கத்தினது நான் என்று. அவன் நம்பாமல் போகலாம். என்னை வெறுத்தாலும் சரி, பயந்து நடுங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் பிள்ளையாக நினைத்து இவனைக் காப்பாற்றுவேன். ஓடு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி