பொறிக்காவலி அல்லியங்கோதை குற்றமற்றவள் என்று அறிவிக்கும் ஓலை

திருவும் செம்மையும் ஒருங்கே தங்குக. செங்குன்ற நாட்டு வேந்தரும் ஏழுமடைக் காவலருமாகிய இளவெயினர், தம் குன்றக்கோட்டையிலிருந்து, மணற்கரை நாட்டு அரசியாரும் வாளெடாமலே திரைக்களம் வென்றவருமாகிய திருமாவேண்மாள் அவர்களின் அவைக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையில் விளக்கு நின்று எரிக. தங்கள் வயலில் கதிர் தலைசாய்க. இவ்வோலை வாசிக்கப்படும் வேளையில் அல்லியங்கோதை என்னும் பெண்ணும் அருகிருந்து கேட்குமாறு அருள்க.

சென்ற திங்கள் நாம் விடுத்த ஓலையில், எம் அரண்மனைக் கணினியின் காவலியாக இருந்து துரத்தப்பட்டு, தன் தாய் பிறந்த தங்கள் நாட்டில் அடைக்கலம் புகுந்த அவளை, வரும் பௌர்ணமிக்குள் விலங்கிட்டு எம்மிடம் அனுப்பக் கேட்டிருந்தோம். உடன்படிக்கை மீறாத தாங்களும் அனுப்புவதாக மறுமொழி தந்தீர்கள். அந்த ஓலையை அடுப்பில் இடுங்கள். அவளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லக் குதிரைத் தூதன் ஒருவனை முன்னே விட்டிருக்கிறோம்; அவள் புறப்படுமுன் அவன் வந்து சேர வேண்டுமே என்பது ஒன்றே இப்போது எம் கவலை.

நடந்ததைச் சொல்கிறோம். எம் அமைச்சரும் ஓலைநாயகமுமான பொற்கோடனாரைத் தாங்கள் அறிவீர்கள். முப்பது ஆண்டு எம் குடிக்கு உழைத்தவர். மரியாதையில் ஒரு முடிச்சு தளர்ந்தாலும் பொறுக்காதவர். அரசர் பெயர் சூட்டிய பொருள் எதுவாயினும் அதனைப் பட்டத்து யானைக்கு நிகராகப் பேண வேண்டும் என்பது எம் நாட்டு வழக்கம். கோட்டை பிடிக்கும் ஆட்டத்துக்காக வந்த கணினிக்கு நாம் விளையாட்டாக 'வெற்றிவேழம்' என்று பெயர் வைத்துத் தொலைத்தோம். அன்று முதல் பொற்கோடனார் அதற்குப் பட்டுப் போர்த்தினார். வெள்ளிதோறும் தம் கையாலேயே சாம்பிராணி காட்டினார். யானைக்கு நெற்றி உண்டு, பெட்டிக்கு நெற்றி எங்கே என்று இரண்டு நாள் யோசித்து, காற்றை உள்ளிழுக்கும் விசிறி சுழல்கிற பக்கமே முகம் என்று முடிவு செய்து, அந்தக் கம்பி வலை மீது சந்தனமும் அப்பினார்.

கணினி மூச்சு விடுவதே அவ்வழியாகத்தான் என்று அல்லியங்கோதை அவரிடம் மூன்று முறை பணிந்து சொன்னாளாம். அரண்மனை மரபை ஒரு காவலி தமக்குக் கற்றுத்தருவதா என்று அவர் கேட்டாராம். மாலையில் அவள் பட்டை நீக்கி மடித்து வைப்பாள். காலையில் அவர் மறுபடி போர்த்துவார். இருவருக்கும் இடையே இப்படி ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் முயலவும் இல்லை.

ஆனித் திங்களில், தோற்றவர் மடை பத்து நாள் பிந்தித் திறக்கும் என்ற பழைய ஏற்பாட்டின்படி தங்களோடு நாம் ஆடிய ஆட்டம் தங்களுக்கு நினைவிருக்கும். அன்று தூதர்கள் பார்க்கிறார்களே என்று இரட்டை மடிப்புப் பட்டைக் கொண்டுவந்து, ஓரங்களையும் உள்ளே செருகிப் போர்த்தினார் பொற்கோடனார். தங்கள் கோட்டை வாயிலை உடைக்க எமக்கு இன்னும் மூன்றே அடிதான் பாக்கி. அப்படித்தான் நாம் இன்றும் சொல்லிக்கொள்கிறோம். திரை கறுத்தது. மீண்டும் இயக்கினோம், அணைந்தது. மூன்றாம் முறையும் அணைந்தது. ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கலாம் என்று தாங்கள் பெருந்தன்மையோடு சொல்லியனுப்பினீர்கள். நாம் செருக்கினால் மறுத்தோம்.

அவையில் பொற்கோடனார் எழுந்து, காவலியின் தாய்வழி மணற்கரை என்றும், முந்தைய நாள் அவள் கணினியின் பக்கமூடியைக் கழற்றிக் கையில் தூரிகையோடு ஏதோ செய்ததைத் தாம் கண்டதாகவும் கூறினார். தூசி தட்டினாள் என்று எவருக்கும் தோன்றவில்லை. அல்லியங்கோதை அழவில்லை. "மூடியைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்றாள். ஒருவரும் கழற்றவில்லை. தோற்ற எரிச்சலில், அவளை நாடுகடத்தும் ஆணைக்கு நாம் முத்திரை வைத்தோம். அவள் அன்றே எல்லை கடந்தாள்.

அவள் போன பிறகும் கணினி அணைவது நிற்கவில்லை. பவர் சப்ளை என்று பணியாளர் சொல்லும் மின்னூட்டும் பெட்டியை இரண்டு முறை மாற்றினார்கள். சுவரில் வரும் மின்சாரத்தை அளந்தார்கள், சரியாக இருந்தது. உள்ளிருந்த ஆட்டத்தை அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். சோதிடர் சொற்படி கிழக்கு நோக்கித் திருப்பியும் வைத்தார்கள். கிழக்கு நோக்கியபடியே அணைந்தது.

வேறு வழி தெரியாமல் பொற்கோடனார் அவள் விட்டுப்போன கருவிப்பெட்டியைத் துழாவினார். அதில் அவள் எழுதிவைத்த குறிப்பு கிடைத்தது. சும்மா கிடக்கையில் அணைவதில்லை. ஆடினால் அரை நாழிகையில் அணைகிறது. பட்டை நீக்கினால் இரண்டு நாழிகை தாங்குகிறது. வெள்ளிக்கு மறுநாள் கால் நாழிகைகூடத் தாங்குவதில்லை. சூடு மிஞ்சினால் உள்ளிருக்கும் சில்லு எரிந்துபோகாமலிருக்கக் கணினி தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. ஐயாவிடம் இன்னொரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு அவர் மூடியைக் கழற்றினார். விசிறி இதழ்களில் சந்தனம் காய்ந்து ஏடு ஏடாக இருந்தது. சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளுக்கு இடையே தூசியும் சாம்பிராணிப் பிசினும் சேர்ந்து கம்பளிபோல் அடைத்துக் கிடந்தன. கோயில் மணம் வந்தது. தம் மேலாடையிலும் அதே மணம் இருப்பதை அவர் அப்போதுதான் அறிந்தாராம். ஈர்க்குச்சியாலும் தூரிகையாலும் அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு இயக்கினார். காலை முழுதும் ஆடியும் கணினி அணையவில்லை.

அறியாமல் செய்த பிழை அதுவரைதான், அரசியாரே. நாம் வந்து பார்த்து மகிழ்ந்து, இவரே சரிசெய்தார் என்று கேட்டு, எம் தோள்துகிலை அவருக்குப் போர்த்திப் 'பொறிவித்தகர்' என்று பட்டம் தந்தோம். அவர் வாங்கிக்கொண்டார். அந்தக் களிப்பிலேயே, இனித் துரோகியை வரவழைத்து விசாரிப்போம், ஓலை எழுதும் என்றோம். எழுதினார். தங்களுக்கு வந்த அந்த ஓலை, எல்லாம் தெரிந்த பிறகு அவர் கையால் எழுதப்பட்டது. துரோகி என்ற சொல்லில் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிட்டதாம். வேறோர் ஓலை எடுத்துத் திரும்ப முதலிலிருந்து எழுதினாராம். ஏன் என்று பிறகு கேட்டோம். வெட்கம் என்றார். அறுபது வயதில் சபை நடுவே நகைப்புக்கு ஆளாவதைவிட, ஒரு பெண் சிறைப்படுவது அந்நேரம் சிறியதாகத் தோன்றியது என்றார். பதினோரு நாள் சோறு இறங்கவில்லை, ஆனாலும் துகிலைக் கழற்றவில்லை என்றார்.

அதற்கு அடுத்த வெள்ளியில் அவர் சாம்பிராணி காட்டாமல் விட்டதால், சென்ற வெள்ளியன்று, அவர் ஏற்படுத்திய வழக்கப்படியே, பூசகர் தூபக்காலோடு கணினியை நெருங்கினார். பொற்கோடனார் பாய்ந்து அதை வெறுங்கையால் தட்டிவிட்டார். தணல் சிதறி உள்ளங்கை வெந்தது. நீரே விதித்ததை நீரே ஏன் தடுக்கிறீர் என்று கேட்டோம்.

"அணைத்தது என் புகை. அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை. தெரிந்த பிறகும் ஓலை எழுதினேன்" என்றார்.

அவர் குற்றத்தை இவ்வளவு விரிவாகச் சொல்லி எம் குற்றத்தை ஒதுக்கிவிட எண்ணவில்லை. ஒரு மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னவளுக்கு, அதைக்கூடச் செய்யாமல் தண்டனை தந்த கை எம்முடையது. அதை எண்ணினால் எமக்கும் உறக்கம் கெடுகிறது.

ஆகவே ஆணையிடுகிறோம். அல்லியங்கோதை குற்றமற்றவள் என்று இரு நாட்டுச் சந்தைகளிலும் பறையறைக. அவளுடைய பதவி அவளுக்கே உரியது. வர விரும்பாவிட்டால் அவளை எவரும் வற்புறுத்தலாகாது. ஆட்டத்தில் தாங்கள் வென்றது வென்றதே. எம் மடை பத்து நாள் பிந்தித் திறக்கும். ஆவணித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், எம் ஏழுமடை முத்திரை இட்டோம்.

இவ்வோலையை நாம் சொல்லச் சொல்ல எழுதியவர் பொற்கோடனார். வெந்த கையாதலால் எழுத்து கோணியிருக்கும், பொறுத்தருள்க. ஒரு சொல்லையும் குறைக்கும்படி அவர் எம்மைக் கேட்கவில்லை. குதிரை தருகிறோம் என்றோம்; வேண்டாமென்று நடந்தே இதைச் சுமந்துவந்து, இப்போது தங்கள் முன் நிற்பவரும் அவரே. அவரை என்ன செய்வது என்று அல்லியங்கோதை சொல்வாள். அவள் சொல்லே எம் தீர்ப்பு. அவள் ஒன்றும் சொல்ல விரும்பாவிட்டால் அவளை அவசரப்படுத்த வேண்டாம். அவர் நிற்பார்.