எள்ளு தூவிய உப்பு பிஸ்கட்

பிரியமுள்ள பொன்னுத்தாயி,

நல்லா இருக்கியா ஏட்டி? அங்கன சாரல் உண்டா? இங்கே இலஞ்சியில் பிடித்துக்கொண்டது. நீ போய்ச் சேர்ந்தபின் வருகிற முதல் சாரல். வேட்டி காய மாட்டேன் என்கிறது. உன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன், அடியில் கொஞ்சம் எள்ளுதான் ஒட்டிக் கிடந்தது. நாமே சுட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

எனக்குச் சர்க்கரை வந்ததும் இனிப்பை நிறுத்திவிட்டு நீ இந்த உப்பு பிஸ்கட்டில் இறங்கினாய். எள்ளு வாங்கத் தென்காசிக்குப் போனேன். போனவன் நேரே வீட்டுக்கு வந்தேனா? குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கப் போனேன். ஒரு குரங்கு பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்து, எள்ளைப் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தது. நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். மிச்சத்தை அள்ளிக்கொண்டு வந்தேன்.

மைதா, நெய், உப்பு, மிளகு, கொஞ்சம் தயிர். டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டி, எள்ளைத் தூவித் தட்டில் அடுக்கினேன். பழைய சட்டியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து மூடினேன். வெந்ததும் எடுத்தால் எள்ளெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. மேலே பால் தடவிவிட்டுத்தான் நீ தூவுவாய் என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

மறுபடி சுட்டது நன்றாக வந்தது. பக்கத்து வீட்டு மாடத்திக்குக் கொண்டுபோனேன். சாயங்காலமானால் டீயும் பிஸ்கட்டுமாக உன்னோடு ஊர்க்கதை பேசுவாளே, அவள்தான். கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீரும் அண்ணாச்சி. மதினி தலைத்திவசம் இன்னும் கழியலல்லா? துட்டி வீட்டு எள்ள எப்படி வாங்குவேன்?"

"பிஸ்கட்டுதானே மாடத்தி."

"பிஸ்கட்டுதான். மேல இருக்கது எள்ளுல்லா."

உனக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட கைதானே இது. அதுகூட எனக்குத் தோன்றவில்லை பார்.

திரும்பி வந்து தனியாகக் கடித்தேன். ஆளில்லாத வீட்டில் பிஸ்கட் கடிக்கிற சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்குமா? மிச்சத்தை டீயில் முக்கித் தின்றேன்.

இன்றைக்கு எள்ளை எடுத்து வைத்துவிட்டுச் சீரகமும் வெள்ளரி விதையும் தூவியிருக்கிறேன். "எள்ளு இல்லாட்டி அது வெறும் வரட்டி" என்பாய். என்ன செய்ய? பக்கத்தில் உட்கார்ந்து கடிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கோபமா?

தலைத்திவசம் கழியட்டும். பால் தடவி, எள்ளு தூவி, முதல் பிஸ்கட்டை உனக்குத்தான் எடுத்து வைப்பான் உன் அத்தான். இது சத்தியம். அப்புறம் அந்தக் குரங்கு விஷயத்தில் ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, அது போகிற போக்கில்

"அண்ணாச்சி, சீரகம் இங்கன வரைக்கும் மணக்கு. டீ போட்டாச்சு, தட்ட எடுத்துட்டு வாரும்."

இரு ஏட்டி, மாடத்தி கூப்பிடுகிறாள், போய்விட்டு வந்து அந்தக் குரங்கு