விளக்குப் பக்கம் சாய்ந்த தளிர்

வியாழன் இரவு, பத்துபஸ்தி.

இன்று மாலை செயற்கைக்கோள் எங்கள் தீவுக்கு மேலே கடந்தபோது, அது அனுப்பிய படத்தை எங்கள் நிலையத்து ஆன்டெனா பிடித்தது. பெட்டிக்குள் வைத்து அதில் அனுப்பிய காராமணி விதை முளைத்துவிட்டது! எடையே இல்லாத இடத்தில் கீழ் எது என்று தெரியாமல் வேர் சுருண்டு கிடந்தது. தளிர் மட்டும் பெட்டியின் குட்டி விளக்குப் பக்கம் சாய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் சொன்னேன். அவளுக்கு எட்டாம் மாதம். பிள்ளையின் தலை இன்னும் மேலேதான் இருக்கிறது என்று காலையில்தான் ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள்.

"இதுவும் தண்ணியில மிதந்துகிட்டு உல்டாவா உக்காந்திருக்கு. கீழ எதுன்னு இதுக்கு யாருங்க காட்டுறது?" என்றாள். டார்ச்சை எடுத்து என் கையில் திணித்தாள். "அடிவயித்துல அடிங்க."

"பைத்தியமா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் அடித்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வயிற்றில் ஒரு மேடு எழுந்து, மெதுவாக நகர்ந்தது. திரும்பியதா, சும்மா உதைத்ததா, தெரியவில்லை.

அவள் தூங்கிவிட்டாள். டார்ச்சை அணைக்க எனக்குத்தான் மனம் வரவில்லை. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.