இரண்டு தவணை

நவம்பர், ஞாயிறு இரவு. மோர்டென்ஸ்ருட்.

நாங்கள் விட்டுவந்த ஊரில் பழைய ஜனாதிபதி இறந்துவிட்டாராம். இங்கே பக்கத்து நகரமான திராமனிலிருந்து அக்கா தொலைபேசியில் சொன்னாள். அவர் பதவியில் இருந்தபோதுதான் எங்கள் அண்ணனை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. இந்தச் செய்திக்காகப் பல வருடம் காத்திருந்தேன். இன்று ஒன்றும் தோன்றவில்லை. மிச்சப் பாத்திரங்களைக் கழுவி முடித்தேன்.

மேசையில் படித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்.

"அப்பா, அவர் ஏன் பதவியை விட்டிட்டுப் போனவர்?"

"ரெண்டு தவணைதான் இருக்கலாம். பிறகு வீட்டை போகவேணும்."

"நல்ல சட்டம்தானே?"

"ஓம், நல்ல சட்டம்."

அப்போது, அடுத்து ஜனாதிபதியாக வந்தவரின் அலுவலகத்துக்கு அண்ணனைப் பற்றிக் கேட்க அம்மா போனாள். அது தங்கள் காலத்தில் நடக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே நித்திரையாகிவிட்ட அம்மாவுக்கு இன்னும் செய்தி தெரியாது. நாளைக்கு நான்தான் சொல்லவேண்டும். அவள் அழமாட்டாள். சாகமுதல் அண்ணனைப் பற்றி யாராவது அவரிடம் கேட்டார்களா என்றுதான் கேட்பாள்.