தையற்கூடத்தில் எடுத்த இடுப்பளவு

என் பெரிய மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அதுவே போதும். வழக்கம்போல நான் சொல்லச் சொல்லத் தங்கச்சிதான் எழுதுகிறாள், என் கண்ணுக்கு ஊசிக் காதே மங்கலாகத் தெரிகிறது, எழுத்து எங்கே தெரியப்போகிறது. அப்பா குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று பிரித்துப் போட்டதோடு சரி, இன்னும் வாளியில் மொண்டுதான் குளிக்கிறோம். தையற்கூடத்தில் இப்போது பள்ளிச் சீருடைக் காலம், மெஷினை மிதித்துவிட்டு வீடு வந்து சேரும்போது உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. எடை நீ போனபோது இருந்ததுதான், கையும் காலும் குச்சியாகிவிட்டன, வயிறு மட்டும் யார் வீட்டுச் சோற்றையோ தின்பது போலப் பெருத்துக்கொண்டே போகிறது. பக்கத்து மெஷின்காரி, "என்னக்கா, இந்த வயசுல விசேஷமா?" என்கிறாள், அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. போன வாரம் கூடத்துக்கே நர்ஸ் வந்து பரிசோதித்தாள், எனக்கு ஒன்றும் இல்லை என்றுவிட்டாள், நீ கவலைப்படாதே. ஈரத் தலையோடு படுக்காதே, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, அப்புறம்

அக்கா, இனிமேல் எழுதுவது நான். அம்மா சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள், எழுந்துவிடுவாளோ என்று அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்பது நிஜமில்லை. நர்ஸ் வந்தது நடுவயதுப் பெண்களுக்கு இடுப்பளவு பார்க்க. கூட்டத்தைக் கண்டு அவள் திணற, நம் அம்மா சும்மா இருப்பாளா, "டேப் பிடிக்கிறது எங்க தொழில்மா, நீங்க உக்காந்து எழுதுங்க, நான் அளந்து சொல்றேன்" என்று வாங்கிக்கொண்டாளாம். பாவாடைக்கு எடுக்கிற மாதிரியே எல்லாருக்கும், தனக்கும் எடுத்திருக்கிறாள், வயிற்றுக்குக் கீழே பட்டி உட்காரும் இடத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இறுக்கி. அளவு எல்லையைத் தாண்டினால்தான் சர்க்கரைக்கு ரத்தம் பார்ப்பார்களாம், குறைவாக வந்ததால் அம்மாவுக்கு அதுகூடப் பார்க்கவில்லை. நர்ஸ் கொடுத்த தாளில் படமே போட்டிருக்கிறது, விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, இறுக்காமல் அளக்க வேண்டுமாம். மாதவிலக்கு நின்ற பிறகு எடை ஏறாமலேகூடக் கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேருமாம், அதன் பின்னாலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரலாமாம். நேற்று அந்தப் படத்தில் உள்ளபடி அம்மாவை அளந்தேன், தாளில் போட்டிருக்கும் எல்லையை எங்கேயோ தாண்டிவிட்டது. சொன்னதற்கு, "எனக்கே அளக்கச் சொல்லித் தர்றியாடி? நான் எடுத்த அளவு தப்புன்னு தெரிஞ்சா கூடத்துல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? அக்காகிட்ட மூச்சு விட்டே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள். எப்போதோ மெஷின் ஊசி குத்திய விரல் இன்னும் ஆறவில்லை, ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறாள். அப்பாவிடம் சொன்னால், "வயசானா அப்படித்தான், நீ போய்ப் படி" என்கிறார். நீ ஃபோனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பதால் என்னால் எதுவும் சொல்ல முடிவதில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காதே அக்கா. உன்னோடு வேலை செய்கிறவளின் அம்மாவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, நீயும் போய் ரத்தம் பார் என்று ஏதாவது சொல்லிக் கிளப்பு. நீ சொன்னால் திட்டிக்கொண்டாவது போவாள். ரத்தம் பார்த்து வந்தபிறகு, நர்ஸைக் கூப்பிட்டு எல்லாருக்கும் மறுபடி அளக்கச் சொல்ல நானே கெஞ்சுகிறேன், பாவம், அம்மா கையை நம்பி எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

அம்மா முடிக்காததால் ஆசீர்வாதத்தையும் நானே எழுதுகிறேன். நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அந்த வரியை உனக்கு என்றுதான் எழுத ஆரம்பித்தேன் அக்கா, எழுதும்போது அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு.

அம்மாவுக்காக,
தங்கச்சி