நான்கு பூஜ்யங்கள்

இன்று காலை கரண்ட் போய் வந்தது. மைக்ரோவேவில் நேரம் அழிந்து நான்கு பூஜ்யங்கள் மின்னிக்கொண்டிருந்தன. பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மாதமாகத் தள்ளிப்போட்ட கடிதம் இது.

எண்பதுகளின் தொடக்கம். வடக்கே கிட்வாய் நகர் காலனியில் நீர் மாடி வீடு, நான் கீழ் வீடு. பக்கத்து மார்க்கெட்டில் ஒரு கடைக்கு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீடியோ கேம் மெஷின் புதிதாக வந்திருந்தது. வரிசை வரிசையாக இறங்கிவரும் விண்வெளிப் படையைச் சுட வேண்டும். ஒரு ஞாயிறு மத்தியானம் மூச்சிரைக்க வந்தீர்.

"ஓய் ரிப்போர்ட்டரே, ஒன்பதாயிரத்து நானூத்தி எழுபது பாயிண்ட்! மெஷின்ல அப்படியே நிக்குது. ஜல்தி கிளம்பும், பேப்பர்ல போடணும்."

"பாக்காம எழுத மாட்டேன் வே. நாளைக்குப் போவோம், அது எங்க ஓடிறப் போவுது?"

மறுநாள் போனோம். அதிகபட்சப் புள்ளி நிற்க வேண்டிய இடத்தில் 0000.

"நேத்து இருந்துச்சு வே. நான் சொன்னா நம்ப மாட்டீரா?"

நான் குறிப்பேட்டை எடுத்து, நீர் சொன்னதையும் திரையில் இருந்ததையும் எழுதினேன். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தபடி, "கல் ஷாம் லைட் சலீ கயீ தீ, பாபுஜி" என்றார். முந்தின மாலை கரண்ட் போயிருந்ததாம். பழக்கத்தில் அதையும் குறித்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்பில் இதை வேடிக்கையாகச் சொன்னது நான்தான். "வாங்க ஒன்பதாயிரம்!" என்று காலனியே கூப்பிட ஆரம்பித்தது. முதலில் சிரித்தீர். பிறகு அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோய் பஸ் ஏறினீர். உமது காரியத்தன்றுகூட ஒருவர், "நம்ம ஒன்பதாயிரம் போயிட்டாரே" என்று என் தோளைத் தொட்டார்.

போன மாதம் அந்த விளையாட்டின் வரலாற்றை ஒரு வார இதழுக்கு எழுதினேன். ஜப்பானில் ஏறக்குறைய ஒரே ஆள் உருவாக்கியது. எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவை வேகமெடுப்பது திட்டமிட்டதல்ல, மெஷினுக்குச் சுமை குறைவதால் நேர்வது. எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அந்த மெஷின்களைப் பழுதுபார்த்த ஒருவர் போகிற போக்கில் சொன்னார்:

"ஹை ஸ்கோரா? கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் சார் அதுக்கு ஞாபகம். போச்சுன்னா பூஜ்யம்."

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் மூன்று வரிகள். "9,470, அவர் சொன்னது. திரையில் பூஜ்யம். நேற்று மாலை கரண்ட் இல்லை." நாற்பது வருடமாக மூன்றும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்திருக்கின்றன.

அந்தக் குறிப்பேடு இப்போது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பழைய காலனிக்காரர்களைப் பார்த்தால் எடுத்துக் காட்டுகிறேன். உமது பெயரைச் சொன்னால் அவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை வே. ஒன்பதாயிரம் என்றால்தான் தெரிகிறது.